கூரியின் சடை

கலாவதிக்கு வாய் முந்தும்; யோசனை பின்னாலேயே மெதுவாக வரும். தாராபுரத்தில் இருந்தவரை அதனால் பெரிய நஷ்டம் எதுவும் வந்ததில்லை. அங்கே அவளுக்குப் பதில் சொல்கிற வாய்களும் அதே வேகத்தில் இருந்தன. அமெரிக்காவுக்கு வந்த நாலாம் வருடம், 1998இல், அந்த வாய் ஓர் எட்டு வயதுப் பையனைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது. பையன் அவளுடையவன்கூட இல்லை.

அவள் கணவன் நஞ்சப்பனுக்கு டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில், டெலிபோன் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் வேலை. குடியிருந்தது அங்கிருந்து ஃப்ரீவேயில் அரை மணி தள்ளி ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கதைக்குக் காரணமான விதி அங்கே இப்போது இல்லை, பழையதைக் கிளறுவானேன். கலாவதி கணக்கில் எம்.எஸ்ஸி. ஆனால் கணவனோடு ஒட்டிக்கொண்டு வந்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார அவளால் ஆகாது. அதனால் அபார்ட்மென்டின் கிளப் ரூமைச் சனிக்கிழமை காலைகளுக்குக் கேட்டு வாங்கி, சுற்றுவட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து அ, ஆ சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் எல்லாம் புரிந்துகொள்ளும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அவள் மகன் தீபக்தான் அதில் முதல் ஆள்.

தீபக்குக்கு ஏழு வயது. முடி தோளுக்குக் கீழே தொங்கியது. மூன்று வயதில் வீசிங் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை எழுந்து நடந்தால் பழனிக்கு வந்து முடி இறக்குகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து நடந்ததோடு நிற்காமல் ஓடவும் ஆரம்பித்துவிட்டான். ஊருக்குப் போகத்தான் வழி பிறக்கவில்லை. ஒரு வருடம் நஞ்சப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்த வருடம், திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்குமோ என்ற பயம். முருகனுக்கு என்ன அவசரம். முடி அதுபாட்டுக்கு வளர்ந்தது.

பையன் இரண்டாம் வகுப்புக்குப் போன செப்டம்பரில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பையன்களின் முடி சட்டைக் காலரைத் தொடக் கூடாது என்பது அங்கே விதி. பிரின்சிபால் மிஸஸ் ஹாலவே தங்கமான பெண்மணி. விதியை மட்டும் விடமாட்டார். கலாவதி கூசாமல் விஷயத்தைச் சொன்னாள். இது சாமிக்கு நேர்ந்த முடி, டிசம்பரில் ஊருக்குப் போகிறோம், கோயிலில் இறக்கிவிடுவோம்.

"எல்லா முடியையுமா?" என்று பிரின்சிபால் கண்ணை விரித்தார்.

"எல்லாவற்றையும். சவரக்கத்தியால் வழித்துவிடுவார்கள்."

பிரின்சிபாலுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. மத நம்பிக்கை என்றால் விலக்கு உண்டு என்றார், டிசம்பர் வரை என்று கேலண்டரில் குறித்துக்கொண்டார், கை குலுக்கி அனுப்பிவைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஊரில் சாமி பெயரைச் சொன்னால் எந்தக் கதவும் திறக்கும் என்று கலாவதி அன்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அந்த முடிச்சுதான் பிறகு எல்லாவற்றையும் சிக்கலாக்கியது.

அக்டோபரில் கீழ் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்து இறங்கியது. எக்குவடோர் நாட்டின் மலை ஊர்க்காரர்கள். ஆண்டிஸ் மலையில், ஸ்பானியர்கள் கால் வைப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற சனங்கள். அவர்கள் பாஷைக்குக் கிச்சுவா என்று பெயர். அம்மா சொய்லா. வெள்ளை ஜாக்கெட்டில் பூவேலை, இடுப்பில் சுற்றிக் கட்டிய கறுப்புத் துணி, கழுத்தில் அடுக்கடுக்காகப் பொன்னிற மணிமாலை. அவளைப் பார்த்ததுமே கலாவதிக்குப் பிடித்துவிட்டது. வால்மார்ட்டுக்குப் போகும்போதுகூட அந்த உடையை மாற்றாதவள். அப்பா லூயிஸ் கம்பளி ஸ்வெட்டர்களை வேனில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சந்தைக்குப் போய்விடுவான். பையன் கூரி, எட்டு வயது. அவன் தலையில், நடு முதுகு வரைக்கும், இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. அப்பனுக்கும் அதே சடை.

வந்த மூன்றாம் சனிக்கிழமை சொய்லா கிளப் ரூம் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அரைகுறை இங்கிலீஷ்தான். ஆனால் அம்மாக்கள் பேசிக்கொள்ள அதற்கு மேல் என்ன வேண்டும்.

"இங்கே என்ன சொல்லித் தருகிறாய்?"

"எங்கள் பாஷை."

"ஸ்கூலில் இல்லையா?"

"ஸ்கூலில் யார் சொல்லித் தருவார்கள்? நாம்தான் சொல்லித் தர வேண்டும்."

சொய்லா தன் பக்கம் கையைக் காட்டினாள். "என் பையனும் அப்படித்தான். நான் கிச்சுவாவில் கேட்கிறேன். அவன் இங்கிலீஷில் சொல்கிறான்."

கலாவதி எழுந்து போய் அறையின் பாதியைக் காலி செய்து, நாலு நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "உட்கார்" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. ஜன்னல் ஓரம் தமிழ், பில்லியர்ட்ஸ் ஆடுகிற பூல் டேபிள் ஓரம் கிச்சுவா. சொய்லாவின் வகுப்பில் கூரி, அவன் தங்கை, பக்கத்து ஊரிலிருந்து நாத்தனார் கொண்டுவந்து விடும் இரண்டு பிள்ளைகள். இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்தினால், அந்தப் பக்கம் ஷுக், இஷ்கை, கிம்சா என்று அதைவிடப் பலமாகக் கத்துவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் விட்டுக் கொடுப்பார்களா? அந்த இரைச்சலில்தான் தீபக் முதல்முறையாக நூறுவரை தமிழில் எண்ணினான். போட்டி என்றால் நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாஷையும் வரும்.

நவம்பரில் கூரிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. சொய்லா மாடி ஏறி வந்து, "நீயும் வா. உனக்குப் பேசத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான், கலாவதி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பிரின்சிபால் அதே நாற்காலியில், அதே புன்னகையோடு இருந்தார். கூரியின் சடை ஏன் என்று கேட்டார். சொய்லா விரல்களை மடக்கி, சொற்களைத் தேடி, "எங்கள் ஆட்கள்... எல்லா ஆம்பளையும்... அவன் அப்பா, அப்பாவின் அப்பா..." என்று ஆரம்பித்தாள். பிரின்சிபால் தலையை ஆட்டிக் கேட்டார். ஆனால் அந்த ஆட்டத்தில் சம்மதம் இல்லை என்பது கலாவதிக்குத் தெரிந்தது. வழக்கம் என்றால் விலக்குக் கிடையாது, மதம் என்றால் உண்டு. இவள் இப்படி அப்பா, தாத்தா என்று இழுத்துக்கொண்டிருந்தால் கத்திரிக்கோல்தான் வரும் என்று பட்டது. வாய் முந்திக்கொண்டது.

"இவர்களுக்கும் எங்களைப் போலத்தான். சாமிக்கு நேர்ந்த முடி."

பிரின்சிபாலின் முகம் மலர்ந்தது. "அப்படியா! இவர்கள் எப்போது இறக்குவார்கள்?"

கலாவதி ஒரு கணம் முழித்தாள். "டிசம்பர்தான்" என்றாள்.

சொய்லாவுக்கு அந்த வேகத்தில் ஓடிய இங்கிலீஷ் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் என்ன ஆயிற்று என்று கேட்டாள். "எல்லாம் சரியாகிவிட்டது. கவலையே வேண்டாம்" என்று கலாவதி தோளைத் தட்டினாள். நம்மூரில் என்றால் சரியாகித்தான் இருக்கும். ஜனவரிக்குள் ஹெட்மாஸ்டர் மாறியிருப்பார், இல்லையென்றால் மறந்திருப்பார். அமெரிக்கர்கள் கேலண்டரில் குறித்ததை மறக்க மாட்டார்கள் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. ஒத்தாசை செய்துவிட்ட பூரிப்பில் அன்றைக்குச் சொய்லா வீட்டுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

டிசம்பரில் பழனி. கலாவதியின் அண்ணன் தன் மடியில் தீபக்கை உட்காரவைத்துக்கொள்ள, நாலு வருட முடி கீழே விழுந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஜனவரியில் திரும்பி வந்த பையனைப் பள்ளிக்கூடமே கூடித் தடவிப் பார்த்தது. மிஸஸ் ஹாலவேயும் தடவிப் பார்த்தார். தடவிவிட்டுக் கூரியைத் தேடினார்.

கூரி சடையோடு வந்திருந்தான்.

அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அறையில் ஒற்றை மேஜை போட்டு உட்காரவைத்தார்கள். பாடம் தாளில் வரும். சாப்பாடும் அங்கேயே. விளையாட விடமாட்டார்கள். முடியை வெட்டிக்கொண்டு வந்த அன்று வகுப்புக்குப் போகலாம். மரியாதையாகச் செய்கிற கொடுமைக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை, கொடுமைதான்.

சொய்லா பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏன் என்று கேட்டபோது, "உங்கள் தோழி வாக்குக் கொடுத்தாரே" என்று பதில் வந்தது. அங்கிருந்து நேரே மாடி ஏறி வந்தாள். கத்துவாள் என்று கலாவதி எதிர்பார்த்தாள்; கத்தியிருந்தால் தேவலாம் என்றும் இருந்தது.

"ஏன் சாமி என்று சொன்னாய்?"

"அப்படிச் சொன்னால்தான் விடுவார்கள் என்று நினைத்தேன்."

"உன் பையன் முடி சாமிக்குக் கொடுக்கிற முடி. இது யாருக்கும் கொடுக்கிற முடி இல்லை" என்று சொய்லா சொன்னாள். "இது அவன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கலாவதி கதவைச் சாத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, இனி என்ன செய்வதென்று தெரியாமல் எரிச்சலாக இருந்தது. இரண்டு முறை பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தாள். இது தன் கையில் இல்லை, ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த ஸ்கூல் போர்டுதான் முடிவு செய்ய வேண்டும் என்று அவர் இரண்டு முறையும் அன்பாகவே சொல்லி அனுப்பினார்.

சொய்லா சனிக்கிழமை வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் கூரி மாறிவிட்டான். சடையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். வெயிலடிக்கும் நாளிலும் தலையில் தொப்பி. அம்மா கிச்சுவாவில் கேட்டால் அவன் இங்கிலீஷில்கூடப் பதில் சொல்லவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை அது. தமிழ்ப் பிள்ளைகள் பொங்கலுக்குக் காகிதக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அங்கே பொங்கல் ஹால் கிடைக்கிற தேதிக்குத்தான் வரும். சொய்லா தன் சின்ன மகளின் கையைக் கழுவிவிட வெளியே போயிருந்தாள். கலாவதி தற்செயலாகத் திரும்பினாள். கூரி பூல் டேபிளுக்குப் பின்னால் நின்றிருந்தான். ஒரு கையில் முன்னால் இழுத்துப் பிடித்த சடை, இன்னொரு கையில் காகிதம் வெட்டுகிற கத்திரிக்கோல். மழுங்கல் கத்திரி; முடியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு வெட்ட மாட்டேனென்றது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினான்.

கலாவதி ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டாள். "கண்ணு! விடு, விடு" என்று தமிழில்தான் கத்தினாள். சடையின் ஓரத்தில் ஒரு விரல் கனம் அறுந்து தொங்கியது.

கூரி அழவில்லை. நேராக அவள் கண்ணைப் பார்த்து, தெளிவான இங்கிலீஷில் கேட்டான். "நான் வெட்டிக்கொள்வேன் என்று நீங்கள்தானே அவர்களிடம் சொன்னீர்கள்?"

அந்த வாயிடம் பதில் இல்லாமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்று மத்தியானம் நஞ்சப்பன் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஸ்கோருக்காக இன்டர்நெட் கனெக்ஷனோடு போராடிக்கொண்டிருந்தபோது அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, வியாழக்கெழம ஸ்கூல் போர்டு மீட்டிங்ல நானு பேசப் போறேனுங்க."

"என்ன பேசப் போற?"

"பொய் சொன்னேன்னு சொல்லப் போறேன்."

நஞ்சப்பன் மோடத்தை விட்டுவிட்டுத் திரும்பினான். "உனக்கென்ன கிறுக்கா புள்ள? க்ரீன் கார்டு அப்ளை பண்ணி அந்தரத்துல நிக்குது. ஊரு கூடியிருக்கற எடத்துல, கவர்ன்மென்ட் ஸ்கூல்ல பொய் சொன்னேன்னு நீயே எந்திரிச்சு அனவுன்ஸ் பண்ணுவியா? நாளைக்கு லோக்கல் பேப்பர்ல பேரு வந்தா?"

"வந்தா வரட்டுமுங்க."

"அவங்க பிரச்சன அது. அவங்க ஹேண்டில் பண்ணிக்குவாங்க."

"அது அவங்க பிரச்சனயா இருந்துச்சு. நாந்தான் போயி என்ற பிரச்சன ஆக்கிட்டேன். அந்தப் பையன் கத்திரிக்கோல எடுத்துட்டானுங்க. நம்ம தீபக்குக்கு அண்ணன் மடில உக்கார வெச்சு, மேளம் கொட்டி முடி எறக்குனோம். அந்தக் கொழந்த தானா நின்னு, தானா வெட்டிக்கப் பாக்குது. என்ற வாயால வந்ததுங்க இது."

நஞ்சப்பன் மோடத்தை அணைத்தான். பிறகு, "ஆளுக்கு மூணு நிமிஷந்தான் டைம் குடுப்பாங்க. உனக்கு வணக்கம் சொல்றதுக்கே பத்தாது" என்றான். "எழுதி ப்ராக்டீஸ் பண்ணிக்க. நானே ட்ரைவ் பண்றேன்." அவனுடைய சம்மதம் எப்போதும் இப்படிப் புகாரைப் போலத்தான் வரும்.

கலாவதி கீழே இறங்கிப் போய்ச் சொய்லாவிடமும் லூயிஸிடமும் சொன்னாள். லூயிஸ் சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். சொய்லா, "நானும் பேசுவேன். என் வாயால்" என்றாள். அது குத்தல்தான். கலாவதி வாங்கிக்கொண்டாள்.

மீட்டிங் சாயங்காலம் ஆறு மணிக்கு, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு ஹாலில். மேடையில் போர்டு மெம்பர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் டேட்டம், கழுத்தில் கயிற்று டை கட்டிய பெரிய மனிதர். கீழே மிஸஸ் ஹாலவே. சொய்லா குடும்பத்துக்காக ஒரு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். பின்னால் கலாவதியின் சனிக்கிழமை அம்மாக்கள் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். மீட்டிங்குக்கு எதற்குப் பட்டு என்று நஞ்சப்பன் கேட்டதற்கு, கூட்டம் என்றால் கூட்டமாகத் தெரிய வேண்டாமா என்று பதில் வந்தது.

கலாவதியைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போனாள். மொட்டைத் தலையில் அரை அங்குலம் முளைத்திருந்த தீபக் பக்கத்தில்.

"இவர் மகன் சொன்னபடி முடியை எடுத்துவிட்டான்" என்று டேட்டம் நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்தார். "அதை நாங்கள் மதிக்கிறோம். மற்றக் குடும்பமும் தங்கள் வாக்கைக் காப்பாற்றினால் நாம் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்."

"அது அவர்கள் வாக்கு இல்லை" என்றாள் கலாவதி. "வாக்குக் கொடுத்தது நான். அவர்களைக் கேட்காமல் கொடுத்தேன். கூரிக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. நான் சொன்னது பொய். சாமி என்று சொன்னால் விடுவீர்கள், வழக்கம் என்று சொன்னால் விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் சொன்னேன்."

ஹாலில் சலசலப்பு. மிஸஸ் ஹாலவேயின் முகம் சிவந்தது. பின்னால் நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்படியானால் இனி நீங்கள் சொல்வதை நாங்கள் எப்படி நம்புவது, மேடம்?"

எழுதிப் பழகியது எல்லாம் அந்தக் கேள்வியில் மறந்துபோயிற்று. போகட்டும், எழுதியது ஒன்றும் பிரமாதமில்லை.

"நம்ப வேண்டாம். நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையின் தலையில் யார் வேண்டுமானாலும் கை வைக்க முடியாது. முடி எடுக்கும்போது அம்மாவோடு கூடப் பிறந்தவன் வர வேண்டும். அவன் மடியில்தான் பிள்ளை உட்காரும். அந்தப் பிள்ளைக்கு நான் இருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்வதற்காக அவன் வருகிறான். என் மகனுக்கு என் அண்ணன் உட்கார்ந்தான்." முன்வரிசையில் கிடந்த காலி நாற்காலி ஒன்றை இழுத்து நடு ஹாலில் போட்டாள். "கூரியின் முடியை வெட்டச் சொல்கிறீர்கள். சரி. உங்களில் யார் இவனுக்கு மாமன்? இறங்கி வாருங்கள். இந்த நாற்காலியில் உட்காருங்கள். பையனை நானே தூக்கி உங்கள் மடியில் வைக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மேடையில் இருந்தவர்கள் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை.

"உங்கள் நேரம் முடிந்தது" என்றார் டேட்டம், கொஞ்சம் மெதுவாக.

அடுத்துச் சொய்லா. மொழிபெயர்ப்பாளர் எழுந்து பக்கத்தில் வந்தார். சொய்லா அவரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள். கிச்சுவாவில் பேச ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பாளர் திகைத்து, "இது ஸ்பானிஷ் இல்லை. எனக்குத் தெரியாது" என்று மேடையைப் பார்த்துக் கையை விரித்தார். சொய்லா நிறுத்தவில்லை, ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, கூட்டத்தில் ஒரு மூலையைப் பார்த்துக் காத்திருந்தாள்.

அந்த மூலையில் தொப்பியோடு கூரி உட்கார்ந்திருந்தான்.

ஹால் முழுக்கக் காத்திருந்தது. மூன்று வாரமாக அம்மாவுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாத பையன். அவன் வரவில்லை என்றால் இந்தப் பெண் இத்தனை பேர் முன்னால் ஊமையாக நிற்பாள். அது சொய்லாவுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் நின்றாள். என்ன துணிச்சல்!

கூரி எழுந்தான். நடந்து வந்து அம்மா பக்கத்தில் நின்றான். மைக் எட்டவில்லை. கலாவதி இழுத்துப் போட்ட நாற்காலியை லூயிஸ் எடுத்து வந்து மைக் அடியில் வைக்க, பையன் அதன் மேல் ஏறி நின்றான்.

"என் அம்மா சொல்கிறார்கள்," என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான், "எனக்கு ஸ்பானிஷும் தெரியும். ஆனால் இது என் பையனைப் பற்றிய பேச்சு. அதனால் இந்தப் பாஷையில் பேசுகிறேன்."

சொய்லா பேசினாள், அவன் சொன்னான். முதலில் திக்கினான். ஒரு சொல்லுக்கு இங்கிலீஷ் கிடைக்காமல் அம்மாவைத் திருப்பிக் கேட்டான், கிச்சுவாவில். அவள் வேறு விதமாகச் சொன்னாள். அவன் பிடித்துக்கொண்டான்.

"என் தாத்தா பண்ணையில் வேலை பார்த்தார். பண்ணைக்காரனுக்குக் கோபம் வந்தால் தண்டனையாகச் சடையை அறுப்பான். என் அப்பா சின்னப் பையனாக ஸ்கூலுக்குப் போனார். முதல் நாளே டீச்சர் அவர் சடையை வெட்டிவிட்டார். அவர் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஸ்கூலுக்குப் போகவே இல்லை. சடை திரும்ப வளர்ந்தது. படிப்பு வரவில்லை. இன்றைக்கும் அவருக்குப் படிக்கத் தெரியாது." அம்மாவின் அப்பாவைப் பற்றிய இந்தக் கதையைக் கூரியும் இப்போதுதான் கேட்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. "என் அப்பாவுக்கு ரெண்டில் ஒன்றுதான் கிடைத்தது. என் பையனுக்கு ரெண்டும் வேண்டும். அவன் படிக்க வேண்டும். சடையோடு படிக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன்."

மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயதான மெம்பர் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தாள்.

"அம்மா சொன்னதைச் சொல்லிவிட்டாய். உனக்கு என்ன வேண்டும், தம்பி? யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வெட்டிக்கொள்ள வேண்டும் என்றாலும் சொல்லலாம்."

அவன் கையில் கத்திரிக்கோலைப் பார்த்தவள் கலாவதி. இங்கே வெட்டிவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமை அவன் தன் சிநேகிதர்களோடு விளையாடலாம். எட்டு வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்கும்?

கூரி தொப்பியைக் கழற்றினான். சட்டைக்குள் கையை விட்டுச் சடையை வெளியே இழுத்து, முதுகில் போட்டான். மேடையைப் பார்க்கவில்லை. அம்மா பக்கம் திரும்பி, கிச்சுவாவில் நீளமாக என்னமோ சொன்னான். சொய்லா வாயைப் பொத்திக்கொண்டாள். லூயிஸ் சிரித்துவிட்டான்.

மேடை காத்திருந்தது. பையன் மொழிபெயர்க்க மறந்துபோய் நாற்காலியிலிருந்து இறங்கப் போனான்.

"என்ன சொன்னாய், தம்பி?" என்று டேட்டம் கேட்க வேண்டியிருந்தது.

"நாளையிலிருந்து இன்னும் இறுக்கமாகப் பின்னச் சொன்னேன்" என்றான் கூரி. "ஓடும்போது அவிழ்ந்துவிடுகிறது."

முதலில் கைதட்டியது நஞ்சப்பன். பிறகு பட்டுப்புடவைகள் தட்டின. பிறகு யார் யாரோ தட்டினார்கள். டேட்டம் சுத்தியலால் மேஜையைத் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தமும் கைதட்டலோடு சேர்ந்துபோயிற்று.

ஓட்டெடுப்பில் இரண்டு பேர் கை தூக்கவில்லை. மற்றவர்கள் தூக்கினார்கள், அது போதும். குடும்பத்தின் வழக்கப்படி முடி வளர்க்கிற பிள்ளையிடம் திங்கட்கிழமை முதல் யாரும் காரணம் கேட்கக் கூடாது, தேதி கேட்கக் கூடாது, சாமி பெயர் கேட்கக் கூடாது. வெளியே வரும்போது மிஸஸ் ஹாலவே கலாவதியின் எதிரே வந்து நின்றார். "நீங்கள் என்னிடம் பொய் சொன்னது எனக்கு வருத்தம்" என்றார். "எனக்கும்" என்றாள் கலாவதி. பிரின்சிபால், "உண்மையைச் சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அதுவும் எனக்கு வருத்தம்" என்றார். தங்கமான பெண்மணி என்று முதலிலேயே சொன்னேனே.

க்ரீன் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. லோக்கல் பேப்பரில் சொய்லாவின் படம்தான் வந்தது. கலாவதியின் பெயரைத் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தார்கள். நஞ்சப்பனுக்கு அதில் பரம நிம்மதி.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலை கிளப் ரூம் வாசலில் வேன்கள் வந்து நின்றன. டாலஸின் நாலு மூலையிலிருந்தும் மலை ஊர்க்காரர்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு. இந்தப் பக்கம் கிச்சுவா சொல்லித் தருகிற இடம் ஒன்று இருப்பதே தெரியாது என்றார்கள். நாற்காலி பற்றவில்லை. பூல் டேபிள் ஓரம் தாண்டி, ஜன்னல் ஓரமும் நிரம்பிவிட்டது. சொய்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கலாவதியைப் பார்த்தாள்.

"பாக்கறதப் பாரு. அதுக்குன்னு எங்களத் தொரத்திருவியா?" என்று கலாவதி தமிழிலேயே சொல்லிவிட்டு, தன் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போய் நீச்சல் குளத்தோரம் குளிரில் உட்காரவைத்தாள். உள்ளேயிருந்து ஷுக், இஷ்கை, கிம்சா என்று கண்ணாடி அதிர்ந்தது. அவளுக்கு அத்தனை சந்தோஷம். பல் கிட்டிக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை லூயிஸின் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டு பையன்களையும் கலாவதியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். சொய்லா முன்சீட்டில் இருந்தாள். கூரி இறங்கினான். புதிதாக இறுக்கிய சடை, நுனியில் சிவப்பு நாடா. அறுந்த இடத்தை உள்ளே மடித்து, தெரியாமல் பின்னியிருந்தாள் அவன் அம்மா. ஆபீஸ் பக்கத்துச் சின்ன அறையின் கதவைத் தாண்டும்போது அவன் நடை கொஞ்சம் தயங்கியது. கதவு திறந்துதான் இருந்தது; உள்ளே ஆளில்லை. அவன் தாண்டிப் போனான். வகுப்பு வாசலில் பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லிக் கத்த, ஓட ஆரம்பித்தான். சடை முதுகில் குதித்தது. அவிழவில்லை.

சொய்லா கலாவதியின் கையை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். கலாவதிக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. இங்கிலீஷில் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஹார்ன் அடிக்கக் கூடாது என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கலாவதி உள்ளங்கையை ஸ்டியரிங்கின் நடுவில் வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை.